அக்காவின் முதல் ஏச்சு

என் அக்காவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் மைக்செட் என்று பெயர். அவள் பெண் கங்காணி. மேலே ரோட்டில் நின்றுகொண்டு கொழுந்தெடுக்கும் பெண்களைக் கூப்பிட்டாள் என்றால் அடுத்த மலையில் இருப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் கழுத்தில்தானா கட்டி வரவேண்டும்! தைராய்டில் புற்றுநோய் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, காப்பாற்றப் பார்க்கிறேன் என்றார் சேர்ஜன்.

உயிருக்குப் பயமில்லை என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "சத்தமில்லாத கங்காணிக்கு மலையில என்னடி வேலை?" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வேனில் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து கைக்குள் வைத்திருந்தாள். மாரியம்மனுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. நேர்ந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் கட்சி, அதனால் நானும் கேட்கவில்லை.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது, நரம்பும் அறுபடவில்லை, இனிச் சத்தத்தைக் கேட்டால்தான் நிச்சயம் என்று சேர்ஜன் சிங்களத்தில் சொன்னார். எனக்கு வார்டிலேயே குதிக்கவேண்டும் போலிருந்தது!

மறுநாள் காலை அவர் கட்டிலருகே வந்து, "அக்கே, 'ஆ' கியன்ன" என்றார். ஆ சொல்லு என்கிறார். அக்கா அவரையே பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினாள். அவர் முகம் மாறிவிட்டது. மூக்கு வழியாகக் கமெரா விட்டுத் தொண்டைக்குள் பார்க்கவேண்டும், ஆயத்தம் செய்யுங்கள் என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு ஆ சொன்னா என்னக்கா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சத்தம் போயேபோய்விட்டது என்று நானும் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து என் போனில் வீடியோ கோல். அக்காவின் ஆட்கள், மலையிலிருந்து! "அக்கா, எப்புடி இருக்கீங்க? ஒரு வார்த்தை பேசுங்கக்கா!" போனை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் கையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பக்கம் எல்லா முகமும் வாடிப்போனது. போனை வைத்திருந்த பெண் அழுதபடி கையைத் தொங்கவிட, திரையில் தரை தெரிந்தது. பறித்த கொழுந்தெல்லாம் நல்ல வெயிலில் குவிந்து கிடந்தது.

"அடியே! கொழுந்த வெயில்ல போட்டு வச்சிருக்கீங்களே, கருகிப்போவாதா? நெழலுக்கு இழுங்கடி!"

கரகரத்த சத்தம்தான். ஆனால் சத்தம்! சேர்ஜன் அடுத்த கட்டிலிலிருந்து திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். போனுக்குள் ஒரே கூச்சல். "அக்கா, இன்னொருக்கா ஏசுங்கக்கா!"

அக்காவோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையணைக்கு அடியிலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்து என்னிடம் காட்டினாள். "போச்சுடி. சத்தம் போகாம இருந்தா மொத வார்த்தைய ஆத்தா முன்னாடிதான் பேசுவேன்னு நேந்திருந்தேன். கெடுத்துட்டேனே."

"அடிப்பாவி அக்கா, இதுக்குத்தான் எங்கள இந்தப் பாடு படுத்துனீங்களா?" என்று கத்தினேன். கோபமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாம் போனில் கேட்டிருக்கிறது. "அக்கா, நாங்க எங்க நிக்கிறோம்னு பாருங்க" என்று அந்தப் பெண் போனைத் திருப்பினாள். அவர்களுக்கு அன்றைக்குக் கோயில் மலையில் வேலை. அவள் முதுகுக்குப் பின்னால் எங்கள் மாரியம்மன் கோயில், கதவு திறந்தே இருந்தது. "ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கோம். ஆத்தாவுக்கும் கேட்டிருக்கும்."

அக்கா திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தாயே, ஏசுனது ஒன்னைய இல்ல" என்றாள்.