முழங்கால் ஆழத்தில் ஒரு மீட்புப் பணி

நீர்த்தேக்க அலுவலகத்தில் எல்லாரும் அவளை "அளவு அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு அணைச்சுவர்ப் படியில் இறங்கி, சுவரில் வரைந்திருக்கும் கோட்டைப் பார்த்து, நகரம் குடிக்க எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று போனில் சொல்வது அவள் வேலை. அந்தப் பக்கம் எழுதிக்கொள்பவர் "சரி" என்பார். பத்தொன்பது வருடத்தில் அவளுக்குக் கிடைத்த மொத்தப் பாராட்டும் அந்த "சரி"தான்.

இந்தக் கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனபோது மேலதிகாரிகளுக்குப் படகுச் சவாரி விடும் யோசனை வந்தது. நல்ல நேரமாகத்தான் பார்த்தார்கள். கார் நிறுத்த வசதி என்பதால் மேற்குக் கரையில் படகுத்துறை.

"சார், அங்க ரெண்டடி கூட இல்ல. படகு தரை தட்டும்" என்றாள்.

எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க அளவை மட்டும் சொல்லுங்கம்மா. மத்தத நாங்க பார்த்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். திறப்பு விழாவன்று எஞ்சினியரும் மனைவியும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு முதல் மிதிபடகில் ஏறினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது.

"யாராவது வாங்க! காப்பாத்துங்க!" எஞ்சினியர் போட்ட சத்தத்தில் கரையே கலங்கியது. சட்டையில் 'மீட்பு வீரர்' என்று அச்சடித்திருந்தவர் அவசரமாக மெகாபோனைத் தேடினார்.

அளவு அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போனாள். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை.

"ஏங்க, அவங்க நடந்துல்ல வர்றாங்க!" என்றார் மனைவி.

எஞ்சினியர் அப்போதும் இறங்கவில்லை. புது ஷூ. அவள் படகின் கயிற்றைத் தோளில் போட்டு, இரண்டு பேரையும் படகோடு கரைக்கு இழுத்து வந்தாள்.

மறுநாள் பதக்கம் வரவில்லை, மெமோ வந்தது. குடிநீர்த் தேக்கத்தில் அனுமதியின்றி இறங்கியதற்கு விளக்கம் வேண்டுமாம். படித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. ஒரே வரியில் பதில் எழுதினாள்: "நான் தண்ணீரில் இறங்கவில்லை, சேற்றில்தான் இறங்கினேன்."

அதைக் கிளறினால் சேற்றில் படகு விட்ட கதை வெளியே வரும். ஃபைலை மூடிவிட்டு, படகுத்துறையைச் சத்தமில்லாமல் ஆழமான கிழக்குக் கரைக்கு மாற்றினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் டிக்கெட் எடுத்துத் தன் கணவரோடு படகில் ஏறினாள். பஸ் கண்டக்டரான அவர், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற ஆள். நடுவில் போனதும் ஓரமாக எட்டிப் பார்த்தார்.

"இங்க எவ்வளவு ஆழம்?"

"இருபத்திரண்டு அடி."

"அடிப்பாவி, ஏறும்போதே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையே. மிதிங்க."