பூரணி போட்ட பெயர்

பூரணி யாரையும் இலேசில் நம்பமாட்டாள். அந்த யுத்த ஆண்டுகளில் திருகோணமலையில் நம்பிக் கெட்டவர்களே அதிகம் என்பதால் அவளைக் குறைசொல்லவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால்கூட, இவர் யாரிடம் போய் என்ன சொல்லப்போகிறார் என்றுதான் முதலில் யோசிப்பாள்.

துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தனியார் வகுப்பில் கம்ப்யூட்டர் படிப்பித்தாள். அங்கிருந்த பழைய இயந்திரங்களில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் திரை முழுக்கக் கோடு விழும். பிழை லினக்ஸின் உள்மையமான கேர்னலில், திரையை இயக்கும் டிரைவர் என்ற நிரலில் இருந்தது. மண்டையைப் போட்டு உடைத்து அதைத் திருத்தினாள். அண்ணன் முறையில் அவள் 'நானா' என்று கூப்பிடும் கலீலுர் றஹ்மானின் இன்டர்நெட் கடையிலிருந்து, அந்த டிரைவருக்குப் பொறுப்பான வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பினாள்.

திருத்தம் நல்லது, ஆனால் "பூரணி" என்று மட்டும் இருந்தால் சேர்க்க முடியாது, உண்மையான முழுப்பெயர் வேண்டும் என்று பதில் வந்தது. உலகத்தில் எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் பெயர் நிற்கும்.

பூரணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். இந்த ஊரில் முழுப்பெயர் கேட்பவர்கள் சோதனைச்சாவடியில் நிற்பவர்கள்தான். பின்னால் நின்ற கடைக்காரர் மெல்லக் குனிந்தார்.

"தங்கச்சி, என்ட பேரப் போட்டு அனுப்புங்க."

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. இதற்காகத்தானா இத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்?

"நானா, இதில ஒரு வரியாவது உங்களுக்கு விளங்குமே?"

"விளங்காது."

"பிறகென்னத்துக்கு உங்கட பேர்?"

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்தக் கோபத்திலேயே 'பூரணி இராசதுரை' என்று அடித்து அனுப்பினாள். திருத்தம் கேர்னலில் சேர்ந்தது. சேர்ந்த செய்தியைப் படித்த அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிழமை அவள் கடை வாசலுக்கு வந்தபோது உள்ளே நேவிக்காரர் இருவர் நின்றார்கள். விளங்காத எழுத்துகளில் யாரோ வெளிநாட்டுக்குத் தகவல் அனுப்புவதாக எவனோ காட்டிக்கொடுத்திருந்தான். ஒருவன் திரையைத் தட்டிக் கேட்டான்.

"யாரு இந்த பூரணி?"

"அப்படி ஒராளும் இல்ல சேர்," என்றார் கலீலுர் றஹ்மான். "நான்தான் சும்மா ஒரு பொம்புளப் பேரப் போட்டு அனுப்பினேன்."

அவன் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். வாசலில் நின்றவளை ஒருவரும் கவனிக்கவில்லை. திரும்பித் தெருவில் இறங்கிப் போயிருக்கலாம். தன் பெயரைப் போடச் சொல்லி அவர் எதற்குக் கேட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

உள்ளே போனாள்.

"அது என்ர பேர். நான்தான் எழுதினனான்."

அவன் பிடியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். கலீலுர் றஹ்மான் தலையில் கைவைத்தபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.