மணமில்லாத மட்டி

விஷம் தேடிப் போகிறவனை யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் எண்ணூர்ப் பக்கம் உட்காரவைத்து மட்டிக் குழம்பே ஊற்றுகிறார்கள். மட்டிச் சிப்பியின் சதையில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று பார்க்கும் சோதனைக்கூடத்துக்கு மாதிரி சேகரிப்பவன் நான். சந்தையில் முகர்ந்து பார்த்து வாங்கும் உங்களுக்கும் எனக்கும் ஒரே கஷ்டம்தான்: நாம் தேடுவதற்கு மணமில்லை.

வெதுவெதுப்பு

கத்திவாக்கத்தில் மல்லிகா அக்கா கழுத்தளவு ஆற்றுநீரில் நின்று காலால் சேற்றைத் துழாவி மட்டி எடுப்பார். கரையிலிருந்து பார்த்தால் ஒரு தலை மட்டும் நீர்மேல் மெல்ல நகரும். மார்கழிக் காலையில் நானும் இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. விரலிடுக்கில் அனல்மின் நிலையச் சாம்பல் மாவுபோல் ஏறியது. வெயிலே வரவில்லையே என்றேன். கரையேறி, வீட்டில் கழுவிக் கட்டிவைத்திருந்த மட்டிப் பையை எனக்கு எடுத்துத் தந்தபடி அக்கா சொன்னார்:

"வெயிலு இன்னாத்துக்கு நைனா? ஆறே சுட்டுக்கினு வருது. குளிருக்கு சொகமா கீது."

தட்டு

அறுக்கும் முன் மட்டியை ஓரிரவு நல்ல கடல்நீரில் விட்டுச் சேற்றைக் கக்க வைப்போம். காலையில் கூடத்தின் கதவைத் திறந்தேன். தட்டு முழுக்க மட்டிகள் வாய் திறந்து, வெளிறிய சதையை நீட்டிக்கொண்டிருந்தன. என் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒன்றாக மூடிக்கொண்டன. பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம். கூட வேலை பார்க்கும் பீட்டர் பின்னால் நின்றிருந்தான்.

"சேத்த மட்டும்தான் கக்கும் மாமு. மத்தத வெளிய வுடாது."

ஆறாம் மாதம்

அக்காவின் மகள் ரேகா பிள்ளைத்தாய்ச்சி. பிறந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மட்டி தவிர எதுவும் இறங்கவில்லை. நன்றாகக் கொதிக்கவைத்தால் போதாதா என்றாள். கிருமி சாகும், ஈயம் சாகாது, வயிற்றுப் பிள்ளைக்குத்தான் கெடுதல் அதிகம், முடிவு வரும்வரை நிறுத்திவை என்றேன். அவள் மட்டி ஓட்டை உறிஞ்சிவிட்டுக் கீழே வைத்தாள்.

"துன்னாத அன்னிக்கி இது அசையவே மாட்டேங்குதுண்ணா. துன்னா உதைக்குது. இன்னா பண்ண சொல்ற?"

நல்ல சேதி

முடிவு வந்தது. வரம்புக்கு வெகு கீழே. நேரே போய்ச் சொன்னேன். அக்கா சந்தோஷப்படவில்லை, என் முகத்தையே பார்த்தார். உள்ளே ரேகா குண்டானின் அடியை வழிக்கும் சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"உனக்குக் குடுத்தது பழவேற்காட்டு மட்டி நைனா, நாத்தனாரு கொணாந்தது. வெளியாளுக்குப் போயி இந்த ஆத்து கலீஜயா கட்டிக் குடுப்பாங்க?"

எங்கள் தொழிலில் சரியான மாதிரி எது என்பது, அதை யாராவது சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரியவரும்.