இடது கையால் போட்ட சிலுவை

முதல்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு நான் படித்துக்கொண்டிருந்த வருஷம், ராயபுரத்தில் எங்கள் கோயில் வாசலில் அப்பா இடது கையால் சிலுவை போட்டார். அதைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை. ரங்கூன் அரிசி மூட்டைகளைத் தலைக்கு மேல் தூக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை ஆறாவது வரிசைக்குத் தூக்கும்போது வலது தோளுக்குள் ஏதோ இழுத்துக்கொண்டதாம். சனிக்கிழமையும் வேலைக்குப் போய்விட்டுத்தான் வந்தார். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தபோது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சுளுக்கிகினு கீது, அவ்ளோதான். யாராண்டயும் சொல்லாத," என்றார்.

சுளுக்கு என்பது காலில் வருவது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் பூசைக்குப் போனோம். இடது கையால் சிலுவை போடுவது பாவம் என்று, எங்களுக்கு ஞானப்பாடம் எடுத்த உபதேசியார் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். பூசை முடிந்து வெளியே வரும்போது அப்பா தீர்த்தத் தொட்டியில் இடது கையை நனைத்து நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"நைனா, அந்தக் கை இல்ல," என்று அவருடைய வலது கையைப் பிடித்து மேலே தூக்கினேன். பாதி உயரம் போவதற்குள் அப்பா முனகிக்கொண்டு தொட்டியின் விளிம்பில் சாய்ந்துவிட்டார்.

உபதேசியார் அங்கேயே நின்றிருந்தார். "இன்னாப்பா, கொழந்தைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலியே?"

"நேத்து கொஞ்சம் குடிச்சிட்டேங்க. தல நிக்கல," என்றார் அப்பா.

அப்பா குடிப்பவரே இல்லை. கோயிலில் நின்று பொய் சொல்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்களுக்குப் பின்னால், தினமும் கிடங்குக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரியும் நின்றிருந்தார். அப்பாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியில், "பொய் சொன்னியே நைனா, பாவம் இல்லியா?" என்று கேட்டேன்.

"பாவந்தான். நட," என்றார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் போனவர் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டார். ஆள் எடுக்கும் இடத்தில் மேஸ்திரி எல்லாரையும் விட்டுவிட்டு அவரை மட்டும் கையை உயர்த்திக் காட்டச் சொன்னாராம். அம்மா உலைக்கு அளந்து வைத்திருந்த அரிசியில் பாதியைத் திரும்ப அரிசிப் பானையில் கொட்டினாள்.

வேலை நாளில் அப்பாவைப் பகலில் வீட்டில் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. பாயில் அவர் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

"நாளைக்கும் போகாத நைனா," என்றேன்.

"சரி," என்றார்.

அவ்வளவு சீக்கிரம் அவர் ஒத்துக்கொண்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.