கேன் தண்ணீரும் அத்தையின் வலது கண்ணும்

கண்ணாடிக் கடைக்காரரே, என் அத்தையின் வலது கண்ணைக் கெடுத்தது நீங்கள்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே உங்கள் கடை. வாசலில் மைக் வைத்து, "கண்ணாடிக்கு குட்பை" என்று நீங்களே கூவுவீர்கள். அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு வாடகை வீட்டில் இருந்தாள். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அவளுக்கு. பவர் கண்ணாடிக்கு மேல் கம்பெனி தரும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினால் ஆவி படியும். கீறல் தப்பிவிடும். "நாலு கண்ணு வெச்சிக்கினு இதுகூடத் தெரியலியா?" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்பார்.

அத்தை உங்களிடம் கண்ணுக்குள் வைக்கும் கான்டாக்ட் லென்ஸ் வாங்க வந்தாள். நானும் கூட வந்தேன். நீங்கள் அவள் கண்ணைச் சோதிக்கவே இல்லை. பழைய பவர் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்தீர்கள்.

"இத எதுலண்ணா ஊற வெக்கணும்?"

"சுத்தமான தண்ணி போதும்மா. மருந்தெல்லாம் சும்மா பந்தா."

எங்கள் தெருவில் சுத்தமான தண்ணீர் என்றால் கேன் தண்ணீர்தான். போர் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீரைக் கைக்குழந்தைக்கும் கொடுப்போம், யார் சந்தேகப்படுவார்? லென்ஸ் டப்பாவின் இரண்டு குழிகளிலும் தினமும் அதை ஊற்றுவது என் வேலை. அத்தை எனக்குக் கொடுத்த பதவி. அம்மாவைக்கூடத் தொட விடமாட்டேன். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது அத்தை லென்ஸோடு பஸ்ஸிலேயே தூங்கிவிடுவாள். "கண்ணு வலிக்காதா அத்த?" என்றால், "குலுங்குற பஸ்ல எப்புடிடீ கயட்றது?" என்பாள்.

ஒரு காலையில் அவள் வலது கண் சிவந்தது. தூசி என்றாள். நீர் வடிய வடிய இரண்டு நாள் வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் ஜன்னலைத் திறந்ததும் வெளிச்சம் தாங்காமல் கத்தினாள். அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியில் வெள்ளைப் புள்ளி.

"லென்ஸ எதுலம்மா போட்டு வெச்ச?"

"கேன் தண்ணில மேடம். நல்ல தண்ணி."

"அது குடிக்கத்தான்மா நல்ல தண்ணி. லென்ஸ்ல எந்தத் தண்ணியும் படவே கூடாது. அதுக்குன்னு மருந்து இருக்கு, தினம் புதுசா ஊத்தணும். போட்டுக்கிட்டுத் தூங்கவும் கூடாது. யாரு தண்ணி ஊத்துனது?"

நான் பெருமையாக வாயைத் திறந்தேன். அத்தை என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"நான்தான் மேடம். டெய்லி நானேதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியது நான், பேர் மட்டும் இவளுக்கா? வழியெல்லாம் அவளோடு பேசவில்லை. "இன்னாடீ, உம்முனு கீற?" என்று ஒரு கண்ணில் கட்டோடு சிரித்தாள்.

பார்வை முழுதாகத் திரும்பவில்லை. கீறல் பார்க்கும் மேசையிலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டி மடிக்கப் போட்டார்கள். "ஸ்டைலு பண்ணப் போய் கண்ணக் கெடுத்துக்கினா" என்று வீட்டில் இன்றும் அவளைத்தான் திட்டுகிறார்கள். அவள் வாயே திறப்பதில்லை. அன்று எதற்குக் கிள்ளினாள் என்று விளங்க எனக்குப் பல வருடம் ஆனது.

என்மேல் வராமல் அவள் வாங்கிக்கொண்ட பழி அவளுடையதும் இல்லை. உங்கள் கடைக்கு இப்போது மாடி வந்துவிட்டது. மைக் அதே வாசலில்தான் இருக்கிறது. ஷிப்ட் பஸ்கள் வந்து நிற்கும் நேரத்தில், அத்தனை பேரும் கேட்க, அதே மைக்கில் சொல்லுங்கள்: தண்ணீர் போதும் என்றது யார்?