இரண்டு லைட்டில் அடைத்த பல்

விழப்போகிற பல்லுக்கு இவ்வளவு பாடா என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்முனையில் பல் வைத்தியராக இருக்கும் இத்தனை வருடத்தில் அதைக் கேட்காத தாய்மார் குறைவு. பால் கடைவாய்ப்பல் பத்துப் பதினொரு வயது வரைக்கும் வாயில் நின்று, அடியில் வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்க வேண்டும். முன்னதாகவே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். இதைப் பொறுமையாகச் சொல்லும் குணம் எனக்கு இல்லை. சண்டை பிடிப்பது போலத்தான் சொல்லி முடிப்பேன்.

அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்காதவர் என் கூடப்பிறந்த ராத்தா. கேட்க அவசியமில்லை, அவருடைய மூத்த மகள் வாயிலேயே பதில் இருந்தது. நான் படித்து முடித்து வந்த புதிதில் அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது. பால் கடைவாய்ப்பல்லில் குழி. நான்தான் அடைத்தேன். பல்லின் நிறத்தில் இருக்கும் கொம்பசிட் பசையை மெல்லிய படையாக வைத்து, நீல லைட் அடித்து இறுக்கி, அதன் மேல் அடுத்த படை வைக்கும் முறை. பசை இறுகும்போது சுருங்கும். ஒரேயடியாக நிரப்பினால், சேறு காய்ந்து வரம்பை விட்டு விலகுவது போலப் பல்லை விட்டு விலகிவிடும் என்று படித்திருந்தேன். அதனால் படை படையாக, அழகாக, அவசரப்படாமல் ஆறுதலாக அடைத்தேன்.

அழகுதான் கூடிப்போனது. பிள்ளைக்கு வாய் உளைந்தது, எச்சில் ஊறியது, மூன்றாவது படை வைக்கும்போது கன்னத்தோரம் வைத்திருந்த பஞ்சு நனைந்துவிட்டது. ஈரம் பட்டால் பசை பல்லில் ஒட்டாது. நான் கண்டேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. சில மாதத்தில் பல்லைச் சுற்றி முரசுச் சதை வீங்கி, பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பிறகு வந்த பல் வரிசைக்கு வெளியே கோணலாக முளைத்தது.

ராத்தா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. அதற்குப் பிறகு மூத்தவளின் பல்லுக்கு என்ன வந்தாலும் அக்கரைப்பற்றுக்குப் போய்வந்தார். ராத்தா இருக்கும் சாய்ந்தமருதில் இருந்து என்னிடம் வர ஐந்து நிமிடம், அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். அங்கே சாமானும் வாங்கலாம் என்பார். நானும் ஓம் என்று தலையாட்டுவேன்.

சின்ன மகளை அவர் என்னிடம் கூட்டி வந்தது பிள்ளையின் அடத்தால்தான். என் கிளினிக் நாற்காலி ஏறி இறங்குவது அவளுக்கு விளையாட்டு. அவளுக்கும் அப்போது ஏழு வயது, கீழே இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொரு கடைவாய்ப்பல்லில் குழி. ராத்தா கதவருகே நின்றபடி, "இதாவது விழுற நேரத்தில விழட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இடப்பக்கத்தைப் படை படையாகவே அடைத்தேன். பஞ்சை மாற்றி மாற்றி வைத்தேன். பிள்ளை ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு விரல் மடக்கினாள். ஒட்டும் மருந்துக்கு ஒன்று, படைகளுக்கு ஐந்து, மொத்தம் ஆறு. பிழை ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த கிழமை வந்தபோது விளையாட்டு முடிந்திருந்தது. ஏறும்போதே, "சாச்சி, இண்டைக்கு ரெண்டு லைட்தான். அதுக்கு மேல வாயத் திறக்க மாட்டன்" என்றாள். சரி என்று பொய் சொன்னேன். ஆனால் ஒட்டும் மருந்துக்கு முதல் லைட் அடித்து முடிக்கும்போதே அவள் தாடை நடுங்கியது, எச்சில் ஏறி வந்தது. மூத்தவளின் நனைந்த பஞ்சு கண் முன்னால் வந்து நின்றது. கிளினிக்கில் புதிதாக வந்திருந்த ஒருவகைப் பசை இருந்தது. ஒரே தடவையில் குழி முழுக்க நிரப்பி, ஒரே லைட்டில் அடி வரைக்கும் இறுக்கலாம் என்பார்கள். சோம்பேறிகளின் பசை என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன். அதை எடுத்தேன். நிரப்பினேன். ஒரு லைட். பஞ்சு நனையவில்லை.

வெளியே வந்து ராத்தாவிடம், "ரெண்டும் ஒரே மாதிரித்தான் அடைச்சிருக்கன்" என்றேன். அவர் கேட்கவேயில்லை, நானாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்தப் பிள்ளைக்கு என்னால் நிம்மதியில்லை. பெருநாளுக்குப் போனாலும் கல்யாண வீட்டில் கண்டாலும், முதலில் வாயைத் திறக்கச் சொல்வேன். கடைசியில் எனக்கு ஸலாம் சொல்லும் கையோடு அவளாகவே வாயையும் திறக்கத் தொடங்கிவிட்டாள். ஓரம் கறுக்கிறதா, முரசு வீங்குகிறதா என்று பார்ப்பேன். எப்போதும் வலப்பக்கத்தைத்தான் கூட நேரம் பார்ப்பேன்.

போன வருடம் இடப்பக்கப் பல் தானாக விழுந்தது. அதைக் கேட்டு வாங்கி, கிளினிக்கில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடைத்தது அடைத்தபடி இருந்தது. ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்தேன். மற்றது விழுந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம் பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். வலப்பக்கமும் விழுந்துவிட்டதாம். எறிந்துவிடாதே என்று கத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பல் தரச் சொல்லி அணிலுக்கு ஓட்டின் மேல் எறிந்தாயிற்று. நான் ஏணி எங்கே என்று கேட்டேன்.

"நான்தான் எறியச் சொன்ன" என்றபடி ராத்தா உள்ளே இருந்து வந்தார். "நீ ரெண்டையும் வச்சுப் பாத்துக்கொண்டிருப்பாய் எண்டு தெரியும். அதில என்ன பாக்க இரிக்கி? ரெண்டு லைட்டில அடைச்சத புள்ள அண்டைக்கே சொல்லிட்டு."

அப்போதே ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீ பொய் சொல்லுவாய். பல்லு சொல்லட்டும் எண்டு இருந்தன்."

பிள்ளை பழக்கத்தில் வாயைத் திறந்தாள். பல் விழுந்த இடத்தில் புதுப் பல்லின் வெள்ளை முனை நேராக, வரிசையில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அணிலுக்குப் போட்ட பல்லுக்காக அழுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, மூத்தவளுக்கு அடைக்கக்குள்ள பஞ்சு நனைஞ்சிட்டு" என்றேன். "கண்டுகொண்டுதான் மிச்சத்தையும் அடைச்சன்."

பத்து வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது ஒரு மூச்சில் வெளியே வந்துவிட்டது. ராத்தா முந்தானையால் பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார்.

"பெரியவளுக்குக் கடவாப்பல் ஒண்டு கூசுதாம்" என்றார். "செவ்வாய்க்கிழமை உன்னட்டக் கூட்டிட்டு வரட்டா?"

பத்து மணிக்கே வரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே போய், தட்டு நிறையப் பஞ்சு எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.