டிஜே சஜீவனின் சம்சாரம்

பூனாகலைப் பக்கம் கல்யாணம், சடங்கு என்றால் டிஜே சஜீவனைத்தான் கூப்பிடுவார்கள். பெனரில் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிப்பதும் அவன்தான். ஸ்பீக்கருக்குப் பின்னால் லெப்டொப்போடு உட்கார்ந்திருக்கும் கம்சலாவை ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. அவள் சம்சாரம், கூட வந்தவள், அவ்வளவுதான்.

கூட வந்தவளாம்! பண்டாரவளையில் போன் பேச, போட்டோகொப்பி எடுக்க வருகிற கொமினிகேஷன் கடையில் வேலைக்கு நின்ற காலத்திலேயே பழுதான கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்ந்தவள் அவள். பாட்டுப் போடும் சொப்ட்வெயரை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அப்புறம் நம்ம சஜீவன் துரை கையில் பிடிக்கிற டெப் ஒன்று வாங்கினார். லெப்டொப் மூலையில் கிடக்கும், இவர் டெப்போடு கூட்டத்துக்குள் ஆடிக்கொண்டே விரலால் தடவிப் பாட்டை மாற்றுவார். ரெண்டையும் சேர்ப்பது ஒரு சின்ன வைஃபை ரவுட்டர். தொடர்பு அறுந்தால் ஓடிப் பார்ப்பது யார்? கம்சலாதான்.

போன மாதம் அவள் தம்பிக்குக் கல்யாணம், தேயிலைத் தோட்டத்து ஹோலில். அவள் பிறந்த லயத்து வீடுகளெல்லாம் திரண்டு வரப்போகின்றன. முந்தின நாளே புருஷனிடம் கேட்டாள்.

"என்னங்க, அம்மா முன்னாடி நாலு பாட்டாவது நான் போடுறேன். மைக்குல என் பேரச் சொல்லிடுங்க. நான் என்ன வேலை செய்றேன்னே அதுக்குத் தெரியாது."

"சரி புள்ள, சாப்பாடு முடியட்டும், சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தையை நம்பிப் புதுச்சேலை கட்டி வந்தாள், பாவி.

பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வருகிற நேரம் பார்த்து டெப் வேலை செய்யவில்லை. கம்சலா லெப்டொப்பிலேயே சட்டென்று பாட்டை மாற்றிவிட்டாள். ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. பிறகு ஓடிப்போய் டெப்பை வாங்கிப் பார்த்தாள். அந்த ரவுட்டரில் இன்டர்நெட் கிடையாது, பாட்டுக்கு அது தேவையுமில்லை. டெப்போ, இது உதவாத வைஃபை என்று தானாகவே சிம் டேட்டாவுக்குத் தாவியிருந்தது. டேட்டாவை நிறுத்தி, திரும்ப ரவுட்டரோடு சேர்த்துக் கொடுத்தாள்.

"இனி டேட்டாவப் போட்றாதீங்க. மறுபடி அறுந்துடும்."

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம்தான், மறுபடியும் போச்சு. அவள் ரவுட்டரைக் கதிரைமேல் தூக்கி வைத்தாள், அணைத்துப் போட்டாள். ம்ஹூம். ஒரு கை பாட்டை மாற்ற, மறுகை ரவுட்டரோடு மல்லுக்கட்டியது. தட்டில் சோறு ஆறிப்போனது. அங்கே அவன் டெப்பைத் தடவித் தடவித் துள்ளுகிறான், சனம் விசிலடிக்கிறது.

நீளமான பாட்டாக ஒன்றைப் போட்டுவிட்டு அவனருகே போய் எட்டிப் பார்த்தாள். டெப்பில் பாட்டே இல்லை. அவன் மூஞ்சிதான் இருந்தது. பேஸ்புக்கில் லைவ் போட்டுக்கொண்டிருந்தான். அதற்காக அவனே டேட்டாவைப் போட்டிருக்கிறான்!

"போட்டா அறுந்துடும்னு சொன்னேனே!"

"தெரியும். அதான் நீ அங்க இருக்கியே. போ போ, பாட்டு முடியப்போகுது."

"அப்போ என் பேரு?"

"லைவ் ஓடுதுல்ல? பெறகு பாக்கலாம்."

கம்சலா விறுவிறுவென்று லெப்டொப் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது. அடுத்ததைப் போடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். இன்றைக்காவது தெரியட்டும், யார் போடுகிறார்கள் என்று.

ஹோல் அமைதியானது. எல்லாரும் சஜீவனைத்தான் பார்த்தார்கள். அவன் அசரவில்லை, மைக்கை எடுத்தான்.

"மன்னிச்சுக்கங்க, நம்ம சம்சாரம் வயர்ல கால வச்சுட்டா!"

எந்த வயருக்கும் சம்பந்தமே இல்லாத சமாச்சாரத்தில்! ஹோலே சிரித்தது. மாலையும் கழுத்துமாக நின்ற தம்பியும் சிரித்தான். அவள் அம்மா ரெங்கம்மா எழுந்தே வந்துவிட்டாள்.

"ஏன்டி, அந்த மனுசன் உசுரக் குடுத்துப் பாட்டுப் போடுறாரு. ஒரு வயரப் பாத்துக்க ஒனக்குத் துப்பில்லையா?"

"அம்மா, அது நான்தான்..."

"வாய மூடு. தம்பி கல்யாணத்துல மானத்த வாங்காத."

கூட்டத்துக்கு நடுவே சஜீவன் டெப்புக்கு மேலே விரலைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்சலா அடுத்த பாட்டைப் போட்டாள்; அவன் விரலும் சரியாக டெப்பில் இறங்கியது. ரெங்கம்மா மருமகனைப் பார்த்துக் கைதட்டினாள்.